பழைய பீசியில டேப் பேக்கப்: விண்டோஸ் 95 பேக்கப்பை இன்ஸ்டால் பண்ணி பழைய டேப்பைப் படிக்கிறது எப்படி

பழைய ஆபீஸ் பீரோவை காலி பண்ணும்போது ஆடியோ கேசட்டை விட கொஞ்சம் சின்னதா, அடியில அலுமினியத் தகடு வச்ச கார்ட்ரிட்ஜ் கிடைச்சிருக்கா? அது மேல டிசி2080 இல்ல டிசி2120னு அச்சடிச்சிருக்கா? அப்போ இது உங்களுக்குத்தான். 90கள்ல டிடிபி சென்டர், ஆடிட்டர் ஆபீஸ், சின்ன கம்பெனின்னு பல இடத்துல ஃப்ளாப்பி பத்தாம போனப்போ இந்த டேப்ல தான் பேக்கப் எடுத்து வச்சாங்க. அந்த ஹார்ட் டிஸ்க்கெல்லாம் போய் ரொம்ப நாள் ஆச்சு, டேப் மட்டும் மிச்சம் இருக்கு, உள்ள இருக்கிறது வேற எங்கயும் இல்லாமலும் போயிருக்கலாம்.

அதனால முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், இந்தக் கட்டுரையில வேற எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க. உங்களுக்கு வேண்டிய டேப்பை கடைசியா தான் டிரைவுக்குள்ள விடணும். முதல்ல டிரைவ், அப்புறம் கேபிள், அப்புறம் சாஃப்ட்வேர், எல்லாம் சரியா ஓடுதுன்னு ஒரு உபயோகமில்லாத டேப்பை வச்சு எழுதிப் படிச்சு பார்த்துட்டு, அதுக்கப்புறம் தான் அந்த டேப். ஆர்வத்துல நேரா உள்ள தள்ளிட்டா, முப்பது வருஷம் பத்திரமா இருந்த டேப் அரை நிமிஷத்துல அறுந்து போகும்.

கையில இருக்கிறது என்ன டேப்

நான் இங்க சொல்றது கொலராடோ ஜம்போ 250 மாதிரி கியூஐசி-80 (கால் இன்ச் டேப் கேசட்டுக்கான ஒரு பொதுத் தரம்) டிரைவை வச்சு. கொலராடோ மெமரி சிஸ்டம்ஸ்னு ஒரு கம்பெனி, 1992ல அதை எச்பி வாங்கிடுச்சு, அதனால சில டிரைவ் மேல எச்பி பேரு இருக்கும், பெரும்பாலும் உள்ள ஒரே சங்கதி தான். டிசி2080 கேசட்ல 80 எம்பி, நீள டேப் வச்ச டிசி2120ல 120 எம்பி, இது தான் உண்மையான கொள்ளளவு. ஜம்போ 250னு பெட்டியில போட்டிருக்கிற 250 வந்து, டேட்டா எல்லாம் பாதியா சுருங்கும்னு கணக்கு வச்சு போட்ட நம்பர். இதை எதுக்கு சொல்றேன்னா, டேப்ல இருக்கிறது கம்ப்ரஸ் பண்ணதா இல்லையாங்கிறது பின்னாடி பெரிய விஷயமா வரும்.

அதுக்கு முன்னாடி வந்த கியூஐசி-40 டேப்பையும் கியூஐசி-80 டிரைவ் படிக்கும். பின்னாடி வந்த டிராவன் டிஆர்-1 டிரைவும் கியூஐசி-80 டேப்பை படிக்கும், ஜம்போ கிடைக்கலைன்னா அதைத் தேடலாம், ஆனா விண்டோஸ் 95 பேக்கப் டிராவன் டிரைவை ஏத்துக்கும்னு நம்பி இருக்க முடியாது. ஆனா டிராவன் கேசட் கொஞ்சம் அகலம், அதை ஜம்போக்குள்ள திணிக்க பார்க்காதீங்க.

அடுத்தது டேப்பை எழுதினது எந்த சாஃப்ட்வேர்னு கண்டுபிடிக்கணும். பலரும் கோட்டை விடுறது இங்க தான், டிரைவ் கிடைச்சா போதும்னு நினைக்கிறாங்க. டேப்ல செக்டர் எப்படி அடுக்கணும்ங்கிறதுக்கு பொது விதி இருந்துச்சு, அதுக்குள்ள ஃபைலை எப்படி வைக்கணும்ங்கிறதுல ஒவ்வொரு கம்பெனி சாஃப்ட்வேரும் தன் வழியில போச்சு, கம்ப்ரஷன்ல இன்னும் மோசம். கொலராடோவோட டாஸ் சாஃப்ட்வேர்ல எடுத்ததை விண்டோஸ் 95 பேக்கப் படிக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. அதனால லேபிளை பாருங்க, கூட இருக்கிற பழைய நோட்டு, ஃப்ளாப்பி டப்பா எல்லாம் பாருங்க, முடிஞ்சா அந்தக் காலத்துல பேக்கப் எடுத்தவரையே கேளுங்க. 1995க்கு முந்தின தேதி இருந்தா விண்டோஸ் 95 பேக்கப்பா இருக்க வாய்ப்பே இல்ல, டாஸ் இல்ல விண்டோஸ் 3.1 சாஃப்ட்வேர் தான். டாஸ் 6ல கூட வந்த மைக்ரோசாஃப்ட் பேக்கப்புக்கு டேப்பே தெரியாது, அதையும் கணக்குல இருந்து எடுத்துடலாம்.

எந்த கம்ப்யூட்டர் வேணும்

486 இல்ல பென்டியம், 16 எம்பி ரேம் இருந்தா தாராளம். முக்கியமா மதர்போர்டுலயோ ஐசா கார்டுலயோ (பழைய ரக ஸ்லாட்ல செருகுற கார்டு) நிஜமான ஃப்ளாப்பி கன்ட்ரோலர் இருக்கணும், ஏன்னா இந்த டிரைவ் தனி கார்டு எதுவும் இல்லாம ஃப்ளாப்பி கேபிள்லயே தொங்கிக்கிட்டு ஓடுற ஜாதி. யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவை பிரிச்சு அந்த கேபிளை இதுல மாட்டினா நடக்குமான்னு கேட்பாங்க, நடக்காது, அந்த போர்டுக்கு ஃப்ளாப்பியைத் தவிர எதுவும் தெரியாது. வெர்ச்சுவல் மெஷின்லயும் முடியாது. பென்டியம் 4 காலத்து போர்டு பலதுல ஃப்ளாப்பி கனெக்டர் இருக்கும், ஆனா ஒரே ஒரு டிரைவுக்கு மட்டும் தான் லைன் குடுத்திருப்பாங்க, டேப் டிரைவை மாட்டினா கடைசி வரைக்கும் கண்டுபிடிக்காது. 1993ல இருந்து 98க்குள்ள வந்த போர்டா பார்த்து எடுங்க. சென்னைக்காரங்கன்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய சாமான் விக்கிற கடைகள்ல கேட்டுப் பாருங்க, மத்த ஊர்க்காரங்க ஸ்க்ராப் கடையில சொல்லி வைங்க, கேபிளோட சேர்த்து வாங்குங்க.

ஹார்ட் டிஸ்க்குக்கு நான் சொல்றது சிஎஃப் கார்டும் (பழைய கேமராவுல போடுற காம்பாக்ட்ஃப்ளாஷ் மெமரி கார்டு), அதை ஹார்ட் டிஸ்க் கேபிள்ல மாட்ட ஒரு ஐடிஇ அடாப்டரும். பழைய டிஸ்க்கை நம்பி உக்கார வேண்டாம், மீட்டெடுத்த ஃபைலை வெளிய கொண்டுபோறதும் சுலபம், கார்டை கழட்டி இன்னைக்கு லேப்டாப்ல ரீடர்ல போட்டா போதும். விண்டோஸ் 95ல முதல்ல வந்த பதிப்புக்கு 2 ஜிபிக்கு மேல ஒரே பார்ட்டிஷன் பண்ண முடியாது, ஆனா 120 எம்பி டேப்புக்கு 2 ஜிபியே கடல்.

டிரைவை மாட்டுறதுக்கு முன்னாடி திறந்து பாருங்க

சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பத்தி பேசணும்னு வந்துட்டு இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, சாஃப்ட்வேர் எரர்னு நினைச்சு நாள் கணக்கா மண்டையை உடைச்சுக்கிறதுல பாதிக்கு மேல இங்க இருந்து தான் வருது.

டிரைவோட வாய்க்குள்ள டார்ச் அடிச்சா மோட்டார் தண்டுல ஒரு ரப்பர் ரோலர் தெரியும். அது கேசட்ல இருக்கிற சக்கரத்தை உரசி சுத்துது, டேப் ஓடுறது முழுக்க அந்த உரசல்ல தான். இத்தனை வருஷத்துல அந்த ரப்பர் உருகி கருப்பு பிசின் மாதிரி ஆகியிருக்கும். ஒரு பல்குத்தி நுனியால லேசா தொட்டுப் பாருங்க, நுனியில கருப்பா ஒட்டிக்கிட்டு நூல் மாதிரி இழுத்துக்கிட்டு வந்தா ரோலர் செத்துப் போச்சு, அந்த டிரைவுல எந்த கேசட்டையும் போடக்கூடாது. டிரைவை கழட்டி, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால அந்த பிசினை எல்லாம் சுத்தமா எடுத்துட்டு, தண்டுக்கு இறுக்கமா பொருந்துற சிலிகான் டியூப் இல்ல ஓ-ரிங் போடணும். வெளி விட்டம் பழைய ரோலர் அளவுக்கே வரணும், இதுல அலட்சியம் கூடாது, ரோலர் பெருசானா டேப் வேகமா ஓடும், சின்னதானா மெதுவா ஓடும், ரெண்டுலயும் பழைய டேப்ல இருக்கிற பிட்டெல்லாம் கன்ட்ரோலர் எதிர்பார்க்கிற வேகத்துல வராது. ரோலர் உருகி அளவே தெரியலைன்னா அதே மாடல் இன்னொரு டிரைவ்ல அளந்துக்கோங்க.

ஹெட்டை அதே ஆல்கஹாலை பஞ்சு குச்சியில தொட்டு துடைங்க, பழுப்பு நிறம் வர்றது நிக்கிற வரைக்கும். இன்னொரு இடம் இருக்கு, பலர் விட்டுடுவாங்க. டேப்போட ரெண்டு முனையிலயும் சின்ன சின்ன ஓட்டை போட்டிருக்கும், வெளிச்சம் அது வழியா வர்றதை ஒரு சென்சார் பார்த்து தான் டேப் முடிஞ்சுதுன்னு மோட்டாரை நிறுத்தும். இந்த கேசட்ல டேப்போட முனை சுருள்ல ஒட்டியே இருக்காது, சும்மா சுத்தி தான் வச்சிருக்கும். சென்சார்ல தூசி படிஞ்சு ஓட்டையை பார்க்கலைன்னா மோட்டார் நிக்காது, டேப் மொத்தமா ஒரு பக்கம் உருவிக்கிட்டு வந்துடும். அதனால சென்சார், அதுக்கு எதிர்ல இருக்கிற விளக்கு, ரெண்டையும் ஊதித் துடைச்சுடுங்க.

இப்போ கேசட். அதுக்குள்ள டேப்பைத் தவிர மெல்லிசா ஒரு எலாஸ்டிக் பேண்டும் ஓடும், ரெண்டு சுருளையும் அழுத்திப் பிடிச்சு சுத்த வைக்கிறது அது தான். வயசானா இது தளர்ந்துடும், இல்ல அறுந்துடும், இல்ல டேப் மேலேயே ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டது தான் ஆபத்து, டிரைவ் வேகமா இழுக்கும்போது டேப் மேல இருக்கிற காந்தப் பூச்சையே உரிச்சுக்கிட்டு வரும். கேசட்டை வெளிச்சத்துல பிடிச்சு ஜன்னல் வழியா பாருங்க. பேண்ட் தொங்கினாலோ, டேப் சுருள் மேல வெள்ளையா பூஞ்சை மாதிரி தெரிஞ்சாலோ அதை அப்படியே தனியா வைங்க. பூஞ்சை பிடிச்ச டேப்பை போட்டா ஹெட்டுக்கு ஒட்டும், அடுத்து போடுற நல்ல டேப்பையும் கெடுக்கும். நம்ம கடற்கரை ஊர் ஈரத்துல இது சகஜம். பேண்ட் மாத்துறது முடியாத காரியம் இல்ல, இன்னொரு நல்ல கேசட்ல இருந்து எடுத்து போடலாம், ஆனா முதல் தடவையே முக்கியமான டேப்ல கை வைக்காம ரெண்டு வீணாப்போன கேசட்ல பழகிட்டு செய்யுங்க.

கேபிளும் பயாஸும்

ஃப்ளாப்பி கேபிள்ல 34 பின், சிவப்பு கோடு போட்ட ஓரம் 1ஆம் பின் பக்கம். கடைசியில முறுக்கு இருக்கிற கனெக்டர் ஏ டிரைவுக்கு, நடுவுல இருக்கிறது டேப் டிரைவுக்கு. ஏற்கனவே ரெண்டு ஃப்ளாப்பி இருந்தா பி டிரைவை கழட்டி வச்சுடுங்க, ஒரு தலைவலி குறையும். பவருக்கு ஹார்ட் டிஸ்க்குக்கு போற அதே நாலு கம்பி பெரிய கனெக்டர்.

பயாஸ்ல டேப் டிரைவுக்குன்னு எதுவும் செட் பண்ணக் கூடாது. பி டிரைவ்ங்கிற இடத்துல நன் இல்ல நாட் இன்ஸ்டால்டுன்னு தான் இருக்கணும். அங்க 1.44 எம்பின்னு போட்டு வச்சா பூட் ஆகும்போதே ஃப்ளாப்பி எரர் வரும், புதுசா வர்றவங்க அதை டிரைவ் கெட்டுப்போச்சுன்னு எடுத்துக்குவாங்க. அப்படியே பவர் சேவிங் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க.

விண்டோஸ் 95 பேக்கப்பை போடுறது

விண்டோஸ் 95ஐ சாதாரணமா இன்ஸ்டால் பண்ணா பேக்கப் ப்ரோக்ராம் வராது, நாம தான் தனியா சேர்க்கணும். ஸ்டார்ட், செட்டிங்ஸ், கன்ட்ரோல் பேனல் போய் ஆட்/ரிமூவ் ப்ரோக்ராம்ஸ் திறங்க. நடுவுல விண்டோஸ் செட்டப்னு டேப் இருக்கும் (காந்த டேப் இல்ல, ஜன்னல் மேல இருக்கிற டேப்). அதுல டிஸ்க் டூல்ஸ்ங்கிறதை செலக்ட் பண்ணி டீட்டெய்ல்ஸ் அழுத்தினா பேக்கப் பக்கத்துல ஒரு கட்டம் இருக்கும், டிக் பண்ணி ஓகே குடுங்க. சிடியை கேட்கும். சிடி டிரைவ் இல்லாத மெஷின்னா, வேற கம்ப்யூட்டர்ல வச்சு சிடியில இருக்கிற வின்95 ஃபோல்டரை அப்படியே சிஎஃப் கார்டுக்கு முன்கூட்டியே காப்பி பண்ணி வச்சுக்கிட்டு அந்த இடத்தை காட்டலாம்.

முடிஞ்சதும் ஸ்டார்ட், ப்ரோக்ராம்ஸ், ஆக்ஸசரீஸ், சிஸ்டம் டூல்ஸ், அங்க பேக்கப். முதல் தடவை திறக்கும்போது வரவேற்பு ஜன்னல் வரும், அப்புறம் ஃபுல் சிஸ்டம் பேக்கப்னு ஒரு செட்டை உனக்காக உருவாக்கி வச்சிருக்கேன்னு சொல்லும், ஓகே குடுத்துட்டு போங்க. டிரைவ் கண்டுபிடிக்கலைன்னா அதையும் அப்பவே சொல்லிடும். அப்போ பதறாம ஒரு டேப்பை உள்ள வச்சு (உபயோகமில்லாத டேப் தான்!) டூல்ஸ் மெனுவுல ரீடிடெக்ட் டேப் டிரைவ் குடுங்க. டிவைஸ் மேனேஜர்ல டேப் டிரைவ் பேரு தெரியலையேன்னு தேடாதீங்க, விண்டோஸ் 95ல ஃப்ளாப்பி கேபிள் டிரைவுக்கு அது ஒரு அடையாளமே இல்ல.

இந்த ப்ரோக்ராம் கியூஐசி-40, கியூஐசி-80, கியூஐசி-3010 இந்த மூணு ரகத்துக்குத்தான். ஸ்கசி டேப் டிரைவ் வச்சிருந்தா எத்தனை தடவை ரீடிடெக்ட் பண்ணாலும் வராது.

இப்போ முக்கியமான ஒரு செட்டிங். செட்டிங்ஸ் மெனு, ஆப்ஷன்ஸ், அதுல பேக்கப் பக்கம் போங்க. ஃபார்மட் வென் நீடட் ஆன் டேப் பேக்கப்ஸ்னு ஒண்ணு இருக்கும், ஆல்வேஸ் இரேஸ் ஆன் டேப் பேக்கப்ஸ்னு இன்னொண்ணு. ரெண்டு டிக்கையும் எடுத்துடுங்க. சாஃப்ட்வேருக்கு புரியாத ஒரு பழைய டேப் அதைப் பொறுத்தவரை ஃபார்மட் பண்ணாத டேப் தான், நீங்க கேட்காமலே ஃபார்மட் பண்ண கிளம்பிடக் கூடாது. அதே பக்கத்துல வெரிஃபைங்கிறதை டிக் பண்ணுங்க, எழுதி முடிச்சதும் திரும்பப் படிச்சு ஒப்பிடும், நேரம் ரெட்டிப்பாகும், பரவாயில்ல.

ஒத்திகை

உபயோகமில்லாத டேப்பை போட்டு டூல்ஸ்ல ஃபார்மட் டேப் குடுங்க. ஃப்ளாப்பி மாதிரியே இந்த டேப்புக்கும் செக்டர் செக்டரா ஃபார்மட் வேணும். கியூஐசி-80ல 28 டிராக், டேப் இந்த முனையில இருந்து அந்த முனைக்கு ஒரு டிராக்கை எழுதிக்கிட்டு போய், திரும்பி வரும்போது அடுத்த டிராக்கை எழுதும், சாதாரண ஃப்ளாப்பி கன்ட்ரோலர் வேகத்துல நீள டேப்ல ஒரு டிராக் ஓடவே ரெண்டு நிமிஷத்துக்கு பக்கம் ஆகும். கூட்டிப் பாருங்க, ஓடுறதுக்கே ஒரு மணி நேரத்துக்கு பக்கம் வரும். ஹேங் ஆயிடுச்சுன்னு நினைச்சு ரீசெட் அழுத்தாதீங்க, டிரைவ் லைட்டும் சத்தமும் இருக்கிற வரைக்கும் வேலை நடக்குதுன்னு அர்த்தம். கரண்ட் போற நேரமா பார்த்து ஆரம்பிக்காதீங்க, யூபிஎஸ் இருந்தா அதுல போடுங்க.

ஃபார்மட் முடிஞ்சா அஞ்சு பத்து எம்பிக்கு கொஞ்சம் ஃபைலை எடுத்து பேக்கப் பண்ணுங்க. ஸ்க்ரீன்சேவர், ஆன்டிவைரஸ் எல்லாம் ஆஃப். நடுவுல ஃப்ளாப்பியை தொடாதீங்க, டேப்பும் ஃப்ளாப்பியும் ஒரே கன்ட்ரோலர்.

காதை டிரைவ் பக்கம் வைங்க. சீரா விர்ருனு ஒரே ஓட்டமா போய், நின்னு, திசை மாறி, மறுபடி விர்ருனு போனா எல்லாம் சரி. கொஞ்சம் ஓடி, டக்குனு நின்னு, பின்னாடி இழுத்து, மறுபடி கொஞ்சம் ஓடின்னு முன்னாடி பின்னாடி ஆட்டிக்கிட்டே இருந்தா, கம்ப்யூட்டர் டேட்டாவை நேரத்துக்கு குடுக்கலை இல்ல ஹெட் செக்டரை சரியா படிக்கலைன்னு அர்த்தம். வேற ப்ரோக்ராம் எதுவும் ஓடாம பார்த்துக்கோங்க, கம்ப்ரஷனை ஆஃப் பண்ணிப் பாருங்க, அப்பவும் ஆடினா ஹெட்டையும் ரோலரையும் மறுபடி பாருங்க. இந்த ஆட்டத்தை அலட்சியமா விடாதீங்க, அதே இடத்துல டேப் ஹெட்டுல திரும்ப திரும்ப உரசுது, உங்க முக்கியமான டேப் அதைத் தாங்காது.

எழுதினதை ரிஸ்டோர் பண்ணிப் பார்த்தா தான் ஒத்திகை முடியும். ஆப்ஷன்ஸ்ல ரிஸ்டோர் பக்கத்துல ஆல்டர்நேட் லொக்கேஷன் செலக்ட் பண்ணி, காலி ஃபோல்டர் ஒண்ணுக்கு எடுத்து, ரெண்டு மூணு ஃபைலை திறந்து பாருங்க. ஒரிஜினல் லொக்கேஷனுக்கு எடுத்தா பழைய விண்டோஸ் ஃபைல் இப்போ ஓடிக்கிட்டு இருக்கிற விண்டோஸ் மேலேயே வந்து உக்காரும், சிஸ்டமே எழுந்திருக்காது.

இப்போ அந்த டேப்

கேசட் மூலையில ஒரு சின்ன தள்ளு பட்டன் இருக்கும், பக்கத்துல ரெக்கார்டுன்னு அம்புக்குறி போட்டிருக்கும். எழுத முடியாத பக்கம் தள்ளிடுங்க. ஏசி ரூம்ல வச்சிருந்த கேசட்னா மெஷின் இருக்கிற ரூம்ல ஒரு நாள் அப்படியே விட்டு வைங்க.

ரொம்ப நாள் ஓடாத டேப்போட சுருள்ல இறுக்கம் ஒரே மாதிரி இருக்காது, அதை ஒரு தடவை முழுக்க ஓட்டித் திருப்பி சுத்துறதுக்கு ரிடென்ஷன்னு பேரு, டாஸ் டேப் சாஃப்ட்வேர் பலதுல இந்த வசதி இருக்கும். பேண்ட் நல்லா இருக்குன்னு கண்ணால பார்த்த கேசட்டுக்கு மட்டும் பண்ணுங்க.

ரிஸ்டோர் பக்கம் போய் டேப் டிரைவை கிளிக் பண்ணா பேக்கப் செட் எல்லாம் பேரும் தேதியுமா வலது பக்கம் வரும். அதை பார்த்ததும் ஒரு போட்டோ எடுத்து வைங்க. செட்டை செலக்ட் பண்ணி நெக்ஸ்ட் ஸ்டெப், ஃபைலுக்கு டிக், ஆல்டர்நேட் லொக்கேஷன் இருக்கான்னு மறுபடி ஒரு தடவை பார்த்துட்டு ஸ்டார்ட் ரிஸ்டோர். இன்னும் எத்தனை தடவை அந்த டேப் ஓடும்னு யாருக்கும் தெரியாது, அதனால வேண்டியதை மட்டும் பொறுக்காம முதல் ஓட்டத்துலயே எல்லாத்தையும் எடுத்துடுங்க.

நடுவுல எரர் வந்தா உடனே நம்பிக்கை விட வேண்டாம். இந்த டேப்ல 32 செக்டர் ஒரு துண்டு, அதுல 29 டேட்டா, 3 பிழை திருத்தத்துக்கு. சின்ன கீறல், சின்ன அழுக்கெல்லாம் சாஃப்ட்வேரே கணக்கு போட்டு சரி பண்ணிக்கும். அதையும் தாண்டி எரர் வருதுன்னா டேப்பை வெளிய எடுத்து ஹெட்டை துடைங்க, பாதி நேரம் பழைய டேப்ல இருந்து உதிர்ந்த துகள் தான் ஹெட்டை அடைச்சிருக்கும். துடைச்ச பஞ்சுல ஒவ்வொரு தடவையும் பழுப்பா வந்துக்கிட்டே இருந்தா டேப்போட பூச்சு உதிருது, அப்போ நிறுத்திடுங்க, டேப் மீட்குறதையே தொழிலா செய்யுறவங்க கிட்ட குடுக்கிறது தான் நல்லது.

அடிக்கடி வர்ற பிரச்சனைகள்

டிரைவையே கண்டுபிடிக்கலைன்னா முதல்ல கேபிள் திசை, அப்புறம் பயாஸ்ல பி டிரைவ், அப்புறம் தான் விண்டோஸ். டிவைஸ் மேனேஜர்ல ஃப்ளாப்பி கன்ட்ரோலரை திறந்து ரிசோர்சஸ் பாருங்க, ஐஆர்க்யூ 6, டிஎம்ஏ 2ன்னு (கன்ட்ரோலர் கம்ப்யூட்டரோட பேசுற லைன் நம்பர்கள்) இருக்கணும். வேற ஏதாவது ஐசா கார்டு ஜம்பர்ல இந்த ரெண்டுல ஒண்ணை பிடிச்சு வச்சிருந்தா ஃப்ளாப்பி தட்டுத்தடுமாறி ஓடும், டேப் சுத்தமா ஓடாது. சந்தேகம்னா சவுண்ட் கார்டு, நெட்வொர்க் கார்டு எல்லாத்தையும் கழட்டிட்டு வெறும் டிஸ்ப்ளே கார்டோட ஓட்டிப் பாருங்க. முன்னாடி வேற கம்பெனி டேப் சாஃப்ட்வேர் போட்டிருந்த விண்டோஸ்னா அதோட டிரைவர் மிச்சம் இருந்துக்கிட்டு கன்ட்ரோலருக்கு சண்டை போடும், சுத்தமா புது விண்டோஸ் போட்டுடுறது தான் சீக்கிரம் முடியும்.

டிரைவ் தெரியுது, டேப்பை மட்டும் ஃபார்மட் ஆகலைன்னு சொல்லுதா? நோ குடுங்க. எத்தனை தடவை கேட்டாலும் நோ. அது வேற சாஃப்ட்வேர்ல எழுதின டேப்பா இருக்கலாம், இல்ல ஆரம்பத்துல இருக்கிற ஹெடர் பகுதி படிக்க முடியாம இருக்கலாம், ரெண்டுலயும் உள்ள டேட்டா பத்திரமா இருக்கலாம்.

டாஸ் சாஃப்ட்வேர்ல எழுதின டேப்னு தெரிஞ்சா அந்த சாஃப்ட்வேரோட ஃப்ளாப்பியை தேடணும், இணையத்துல பழைய சாஃப்ட்வேர் சேமிக்கிற ஆர்க்கைவ்ல பலது கிடைக்குது. அதை விண்டோஸுக்குள்ள டாஸ் ஜன்னல் திறந்து ஓட்டாதீங்க, ஷட்டவுன்ல ரீஸ்டார்ட் இன் எம்எஸ்-டாஸ் மோட் குடுத்து நிஜ டாஸ்ல ஓட்டுங்க. அப்போ டிஎம்ஏ பஃபர் பத்தலைன்னு ஈஎம்எம்386 (டாஸோட மெமரி மேனேஜர்) எரர் குடுத்து நின்னா, கான்ஃபிக் ஃபைல்ல ஈஎம்எம்386 வரியோட கடைசியில இங்கிலீஷ் டி எழுத்து, சமக்குறி, 64ன்னு சேர்த்துட்டு ரீபூட் பண்ணுங்க. இல்ல அந்த வரியையே தற்காலிகமா தூக்கிடுங்க, டேப் படிக்க அது தேவையில்ல. இந்த டாஸ் சாஃப்ட்வேரை வச்சு விண்டோஸ் 95 ஃபைல் எதையும் புதுசா பேக்கப் எடுக்காதீங்க, நீளமான ஃபைல் பேரெல்லாம் எட்டெழுத்தா வெட்டுப்பட்டு போகும்.

லினக்ஸ்ல எஃப்டேப்னு ஒரு டிரைவர் இருந்துச்சு, 2.6.20 கெர்னல்ல அதை எடுத்துட்டாங்க. 90கள் கடைசியில வந்த லினக்ஸை போட்டா, சாஃப்ட்வேர் புரிஞ்சாலும் புரியலைன்னாலும் டேப்ல இருக்கிற பைட்டை எல்லாம் அப்படியே ஒரே ஃபைலா இறக்கி வச்சுக்கலாம். எந்த சாஃப்ட்வேர்னே தெரியாத டேப்புக்கு இது தான் என் முதல் தேர்வு, டேப் ஒரு தடவை தான் ஓடும், மிச்ச ஆராய்ச்சியை ஃபைல்ல வச்சு நிதானமா பண்ணலாம்.

ஃபைல் வந்துடுச்சு, திறந்தா தமிழ் தெரியலை

தமிழ் டிடிபி ஆபீஸ் டேப்ல எல்லாம் இது கட்டாயம் நடக்கும். ஃபைல் கெட்டுப்போகல. அந்தக் காலத்து விண்டோஸ்ல தமிழுக்கு யூனிகோட் வசதி கிடையாது, ஒவ்வொரு ஃபான்ட்டும் இங்கிலீஷ் எழுத்தோ வேற குறியோ இருக்க வேண்டிய இடத்துல தமிழ் உருவத்தை வச்சிருந்துச்சு. பாமினி ஒரு மாதிரி, டிஸ்கி ஒரு மாதிரி, 1999 தமிழ்நெட் மாநாட்டுக்கு அப்புறம் வந்த டேம் (TAM), டேப் (TAB, காந்த டேப் இல்ல) குறியீடு ஒரு மாதிரி, இது தவிர கம்பெனிக்கு கம்பெனி தனி குறியீடு. ஃபான்ட் இல்லாம திறந்தா அர்த்தமில்லாத இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா தான் தெரியும்.

அதனால ரிஸ்டோர் பண்ணும்போது டேப்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டர் இருந்தா கட்டாயம் டிக் பண்ணி எடுத்துடுங்க, டைப் 1 ஃபான்ட் வச்சிருந்த ஆபீஸ்னா அது வேற ஃபோல்டர்ல இருக்கும், அதையும் சேர்த்து எடுங்க. பேஜ்மேக்கர் ஃபைலை இன்னைக்கு திறக்கணும்னா அந்த ஃபான்ட் இல்லாம முடியாது. சாதாரண டாக்குமென்ட்னா ஃபான்ட் பேரை பார்த்து அது எந்த குறியீடுன்னு தெரிஞ்சுக்கிட்டு, இணையத்துல இருக்கிற கன்வர்ட்டர்ல போட்டு யூனிகோடா மாத்திக்கலாம். மாத்தினதோட சேர்த்து மாத்தாத மூல ஃபைலையும் அந்த ஃபான்ட்டையும் ஒரே ஃபோல்டர்ல வைங்க, எந்த சாஃப்ட்வேர்ல, எந்த டேப்ல இருந்து எடுத்ததுன்னு ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி அதையும் அங்கேயே போட்டுடுங்க.